சயாமிலும் செல்லும் பாலிசி

“லாரிக்கு மட்டும் போதுமோ, கங்காணியார்? உங்களுக்கும் சேர்த்து எழுதட்டோ?”

ஏஜெண்டு அருளம்பலத்தின் குரலில் அத்தனை பணிவு. மூலை மேசையில் உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாடாங் செராய் கடைத்தெருவில் இருந்த அந்தச் சின்ன இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அன்று வந்திருந்த ஒரே ஆள் கங்காணி முருகையா.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து ஊரெங்கும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. எல்லை தாண்டிச் சயாமுக்குப் போய் அரிசி ஏற்றி வரப்போவதாக முருகையா சொன்னார். வழியில் லாரி கவிழலாம், காய்ச்சல் காணலாம். எந்தப் பாலிசி எடுத்தால் தோது என்று கேட்டார்.

அருளம்பலம் பொறுமையாக விளக்கினார். முதல் வகை மலாயாவுக்குள் மட்டும். எல்லையைத் தாண்டினால் செல்லாது. இரண்டாவது, லாரிக்கும் சரக்குக்கும் சயாமிலும் செல்லும். ஆனால் ஓட்டிப் போகிறவருக்கு ஒன்றும் கிடையாது. மூன்றாவதில் வண்டி, சரக்கு, ஆள் எல்லாமே அடக்கம். சயாமில் எங்கே எது நேர்ந்தாலும் வீட்டுக்குப் பணம் வந்துவிடும்.

“அதையே எழுதுங்க சார்” என்றார் முருகையா.

வீட்டுக்குப் பணம் வரும். இதே வார்த்தையைச் சொல்லித்தான் சித்திரை மாதம் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்திலிருந்து முப்பது ஆண்களை ரயில் ஏற்றினார் இந்த முருகையா. மூன்றே மாத வேலை, உங்கள் பேரில் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார். புஷ்பவள்ளியின் புருஷன் பரஞ்சோதியும் நம்பி ஏறினான்.

சயாம் காட்டில் ரயில்பாதை போடும் வேலை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், பரஞ்சோதி வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னான். இன்சூரன்ஸைக் கேட்டு அவள் ஏறி இறங்கிய இடம் இந்த ஆபீஸ்தான். அருளம்பலம் நான்கு நாள் அங்கங்கே விசாரித்துவிட்டு, முப்பது பேரில் ஒருவருக்கும் யாரும் எதுவும் கட்டவில்லை என்று சொன்னார். அவள் கையெழுத்து நன்றாக இருந்ததைப் பார்த்து, விண்ணப்பப் பாரம் நிரப்பும் வேலையும் கொடுத்தார்.

அப்போது அவரை அவள் தெய்வம் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, ஜப்பான் பாஷை படித்துக்கொண்டு, பின்னேரங்களில் ரயில்பாதைக்கு ஆள் சேர்க்கும் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவரும் அவர்தான் என்று. இப்போது இந்தப் பணிவையும் பார்க்கிறாள்.

முருகையா அவள் பக்கம் திரும்பினார்.

“நீ பரஞ்சோதி சம்சாரம்தானே? கடுதாசி ஏதும் வந்திச்சா?”

“வரலீங்க.”

“வரும்லா. சயாம் தபால் மெதுவாத்தான் வரும்.”

அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சாவுச் செய்தி அவருக்கும் தெரியும் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். புஷ்பவள்ளி பேனாவை இறுகப் பிடித்து, விண்ணப்பத்தில் லாரி நம்பரை எழுதும்போது ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டாள். கவிழ்ந்து கிடக்கட்டும், நம்பர் சரியில்லை என்று கம்பெனிக்காரன் கையை விரிக்கட்டும்.

அருளம்பலம் தாளை வாங்கிப் பார்த்தார். அந்த இலக்கத்தை விரலால் சுட்டி, திருத்தச் சொல்லி அவளிடமே நீட்டினார். அவள் திருத்தினாள். முருகையாவின் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி அந்த நிமிஷமே அருளம்பலத்தின் மேல் திரும்பியது.

அடுத்து, சிவப்பு முத்திரை குத்திய ஒரு ஜப்பானியத் தாளை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார் அருளம்பலம். முருகையாவின் பேரையும் வயதையும் கேட்டுக் கேட்டு அந்தக் கிறுக்கல் எழுத்தில் நிரப்பினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெருவிரல் ரேகையும் வைக்கச் சொன்னார்.

“கையெழுத்துப் போடத் தெரிஞ்சவனுக்கு ரேகை எதுக்கு சார்?”

“ஜப்பான்காரன்ட வழக்கம், கங்காணியார். நாங்கள் என்ன செய்ய?”

முருகையா மைப்பெட்டியில் விரலைத் தேய்த்து அழுத்தினார். எல்லையில் சோல்ஜர் மறித்தால் வேறு பேச்சுப் பேசாமல் இந்தத் தாளை மட்டும் நீட்டும்படி அருளம்பலம் சொல்லிக்கொடுத்தார். பிரீமியத்தைப் பற்றிக் கேட்டபோது, திரும்பி வந்து கட்டினால் போதும் என்றார். முருகையாவுக்கு வாயெல்லாம் பல். தாளைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு கிளம்பினார். லாரி வடக்கே திரும்பி, சத்தம் அடங்கும் வரை வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார் அருளம்பலம்.

அவர் உள்ளே வந்ததும் புஷ்பவள்ளி எழுந்தாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“எங்க ஆளுங்க முப்பது பேருக்கு ஒண்ணுமில்ல. ஏத்தி விட்டவனுக்கு மட்டும் எல்லாத்தையும் எழுதிக் குடுத்திட்டீங்க, அதுவும் கடனுக்கு. நாளையிலருந்து நான் வரல சார்.”

அருளம்பலம் தெருக்கதவைச் சாத்தினார். அவள் திருத்தி எழுதிய விண்ணப்பத்தை எடுத்து, நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

பிறகு அவளைப் பார்த்து, மெல்லச் சொன்னார்.

“அவர் ரேகை வைச்சது இன்சூரன்சுக்கு இல்லைப் பிள்ளை, ரயில்பாதை வேலைக்கு.”