இழுத்த மூச்சு

தேர்வு நேரத்தில் மாணவர்களின் மனம் லேசாக, கல்லூரி ஆலோசகர் வாரம் ஒரு பாட்காஸ்ட் பேசுவார். மகளை இழந்த பிறகு அன்றுதான் முதல் பதிவு.

ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"அக்கா, உள்ள உங்களத் தவிர ஈ காக்கா இல்ல. ஆனா நீங்க 'மூச்சை இழுங்க'ன்னதும் இன்னொருத்தர் இழுக்குற சத்தம் விழுந்திருக்கு. கூடவே மெல்லிசா ஒரு விசில். விடுற சத்தமே இல்ல."

ஆலோசகர் வாங்கிக் கேட்டார். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங்.

"அழிச்சிடவா?"

"வேணாம்."

"சரி. இழுக்கச் சொல்லிட்டு, விடச் சொல்லாமலே எழுந்து வந்துட்டீங்க. அத மட்டும் பேசிடுங்க."

மைக்கின் முன் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆலோசகர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"ஒரு வார்த்தைதானேக்கா!"

"சொன்னா விட்டுடுவாளேப்பா."