இனி முழுகலாம்

"இண்டைக்கும் சாக்குச் சொல்ல வாணாம் புள்ள. தலையக் குனிங்க."

வீட்டுக்கார ஹமீமா ராத்தா கையில் கிண்ணத்தோடு நின்றார். ஊறவைத்த வெந்தயமும் வேப்பிலையும் அரைத்த விழுது. அதற்கு மேலே ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பிழிந்துகொண்டிருந்தார். பொடுகுக்கு இதைவிட நல்ல மருந்து கொழும்பு வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பது அவர் கட்சி.

"தடிமன் ராத்தா. நாளைக்குப் பாப்பம்," என்று மூக்கை உறிஞ்சினாள் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் கனகேஸ்வரி.

"போன வெள்ளியும் தடிமன். அதுக்கு முந்தின வெள்ளி தலையிடி. தோள்ளப் பாருங்க, மாக் கொட்டின மாதிரி ஈக்குது!"

கனகேஸ்வரி தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

கனகேஸ்வரியின் ஊரான யாழ்ப்பாணத்தில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று பொருள். மேல்மாடிச் சரோஜினிதேவி விரல்விட்டுக் கணக்கும் பார்த்துவிட்டார். கனகேஸ்வரியின் புருஷன் யோகநாதன், ராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு வெளியே வந்த கையோடு, கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிச் சித்திரையில் வெளிநாட்டுக்குப் புறப்பட்டவன். இப்போது ஆடி. ஆனால் வயிறுதான் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை.

ரஷ்யாவிலிருந்து ஒரேயொரு தரம் போன் எடுத்தான். ஏஜென்சிக்காரனின் கட்டளைப்படி பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அதன்பிறகு சத்தமே இல்லை. ராத்தாவின் முன்ஹோலில் போன் அடிக்கும்போதெல்லாம் கனகேஸ்வரிக்கு உயிர் போய் வந்தது.

தேசிக்காய் மணம் மூக்கில் ஏறியது. கலியாணமான புதிதில் அவள் தலையில் தேசிக்காய் தேய்த்துவிட்டு, எரிவு தாங்காமல் கிணற்றடியில் குதித்தபோது, வாளி வாளியாக அள்ளி ஊற்றியவன் அவன்தான். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, வெக்கக்கேடு!" என்று கெஞ்சினாள். அவனும் யாருக்கும் சொன்னதில்லை.

"கோயிலுக்குப் போட்டு வாறன் ராத்தா," என்று நழுவிவிட்டாள்.

திரும்பி வந்தபோது ராத்தா கேற்றடியிலேயே நின்றார். கிண்ணம் இன்னும் கையில் இருந்தது.

"நல்ல நேரம் பாத்துத்தான் போனீங்க! வெளிநாட்டுலயிருந்து போன் வந்திச்சு."

"ஆர்? ஆர் கதைச்சது?"

"ஆம்புளக் கொரல். பேர் சொல்லல்ல. ஒங்களுக்கிட்ட ஒண்டு சொல்லச் சொன்னாரு. இனித் தலை முழுகலாமாம்."

கனகேஸ்வரி படியிலேயே குந்திவிட்டாள்.

"என்ன புள்ள? நானும் அதத்தானே இவ்வளவு நாளாச் சொல்றேன்?"

"உங்களுக்குத் தெரியாது ராத்தா. பயணம் போன மனுசன் போய்ச் சேர்ந்த சேதி வராமல் நாங்கள் தலை முழுகிறதில்லை. அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

"அல்லாவே! அப்ப மாப்புள போய்ச் சேந்துட்டாரு! சந்தோசப்படாம ஏன் அழுறீங்க?"

"செத்த சேதி வந்தாலும் தலை முழுகத்தான் வேணும் ராத்தா."

ராத்தா கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டார்.

"அவற்ற குரலோ, ஏஜென்சிக்காரன்ர குரலோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ!"

"எனக்கெப்புடித் தெரியும் புள்ள? ஒரே இரைச்சல்."

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. கனகேஸ்வரியின் கை தானாகவே தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் என்ட வாயாலதான்," ராத்தா தழுதழுத்தார். "அந்தாளக் கதைக்க உடாம நானே கதைச்சேன். அவ முழுகவே மாட்டேங்கறா, தலையெல்லாம் பொடுகு, தேசிக்காயெல்லாம் புழிஞ்சு மருந்து செஞ்சு வச்சா ஓடிட்டா எண்டு சொன்னேன். அதுக்குப் பொறகுதான் அவரு முழுகச் சொன்னாரு. இன்னொண்டும் சொன்னாரு, அதோட லைன் கட்டாயிட்டு."

"என்ன சொன்னவர்?"

"அது சும்மா மருந்துக் கதை புள்ள. தேசிக்காய் மட்டும் போட வாணாமாம். ஒங்களுக்கு எரியுமாம்."

கனகேஸ்வரி விம்மலும் சிரிப்புமாக, கொண்டையை அவிழ்த்துவிட்டு, தலையைக் குனிந்தாள்.

"அதையே பூசுங்கோ ராத்தா. நல்லா எரியட்டும்!"