கடாரத்துக் கறுப்புக் கப்பல்

"இன்னா பாவா, இன்னிக்கு ரோசனை பலமா இருக்குது?"

வரதராஜன் கேட்டது காலி முக்காலியைப் பார்த்து.

இரவல் முறம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜெயம்மாள் வாசப்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த முக்காலிக்குச் சொந்தக்காரர், வரதராஜனின் மச்சான் நாகராஜன் செத்து ஒரு மாசம் ஆகிறது.

"ஏண்டி கோமளா, உன் கூடப் பொறந்த அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாரு. உன் வூட்டுக்காரரு இன்னும் அவராண்ட பேசிகினு இருக்காரு, நீயும் சும்மா கேட்டுகினு கீறியே! அந்தத் துணியைச் சுருட்டி அடுப்புல போடு."

கோமளவல்லி முறத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

துணி என்றால், கட்டம் போட்ட லுங்கித் துணி. அதுதான் கடல். தறிக்கு நூல் சுத்தற தார்க்குச்சியைத் துண்டு போட்டுச் சாயம் பூசினால் கப்பல். செவப்பு சோழன், கறுப்பு கடாரம். பகலில் கரண்ட் போய்த் தறி நின்றால் பொழுது போகணுமே! மச்சானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து தாங்களே உண்டாக்கின ஆட்டம் அது.

ஆடினதைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகம். செவப்பு பெரிய கப்பல், ரெண்டு அடி தாங்கும், ஆனால் ஆமை வேகம். கறுப்பு சின்னது, பறக்கும், ஒரே அடியில் முழுகிவிடும்.

"செவப்புக்கு பலம் ஜாஸ்தி!"

"கறுப்புக்கு வேகம் ஜாஸ்தி!"

கத்திக் கத்தி, விதியை மாத்தி மாத்தி, ஒருவழியாக ரெண்டு பக்கமும் சரிசமமா நின்றது. அந்த ஆட்டத்தின் நடுவில்தான் நாகராஜன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

கருமாதி முடிஞ்சும் வரதராஜன் கப்பல்களைக் கலைக்கவிடவில்லை. எதிரில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துகினே இருந்தார். சோற்றைத் தொடவில்லை. அவர் தொடாத சோறு இவளுக்கு மட்டும் இறங்குமா?

அப்போதுதான் கோமளா அந்தக் காரியத்தைச் செய்தாள். அவர் நூல் வாங்கப் போயிருந்த நேரம். அந்த ஆட்டத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் உட்கார்ந்த முக்காலியும், கடைசியில் அதுக்கு முன்னால் நின்ற கறுப்புக் கப்பல்களும்தான். தாயக்கட்டையை உருட்டி, ஒரு கறுப்பை நகர்த்தி வைத்தாள்.

திரும்பி வந்தவர் துணியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோமளா! பாவா ஆடியிருக்காருடி! தட்டைப் போடு, பசிக்குது!"

அப்பாடா! இவளும் கூடவே உட்கார்ந்து தின்றாள்.

அன்றிலிருந்து அதே வேலை. அவர் செவப்பை ஆடுவார். அவர் வெளியே போனதும் இவள் கறுப்பை ஆடுவாள். ஆனால் ஆடத் தெரிய வேண்டாமா? கறுப்பு ஒவ்வொன்றாய் முழுகி, ஒரே ஒரு கப்பல்தான் மிச்சம். அதுவும் போனால் ஆட்டம் முடிஞ்சுது. அப்புறம் இந்த மனுஷன் மறுபடியும் பட்டினி கிடந்தே செத்துப் போவார்.

ஆள் அரவமில்லாத தறிக்கொட்டாயில் அந்தக் கப்பலிடம் குனிந்து முணுமுணுத்தாள்.

"அண்ணா, ஒரே அடில முழுகிடாதே. ரெண்டு அடியாச்சும் தாங்குண்ணா."

மறுநாள் காலையில் காப்பியை வாங்கிக்கொண்டே வரதராஜன் சொன்னார்.

"கனவுல பாவா வந்தாரு. கறுப்பு ரெண்டு அடியாச்சும் தாங்கணும்னாரு. இனிமே அதான் விதி."

கோமளா காப்பிச் சொம்பை அப்படியே கீழே வைத்தாள். அதே வார்த்தை!

மனசு கேட்காமல் அன்றைக்கும் போய்ச் சொன்னாள். "அண்ணா, செவப்பு ரொம்பக் கிட்ட வந்துட்டுது, பயமா கீது."

மறுநாள், "பாவா சொல்றாரு, செவப்பு இனிமே ஒரு கட்டம்தான் போவணுமாம்" என்றார் அவர்.

அம்மாடி! தான் போட்ட வேஷத்துக்குள்ளே நிஜமாகவே அண்ணன் வந்து குந்திகினாரா? முக்காலிப் பக்கம் போகவே அவளுக்குக் கால் வரவில்லை.

பகலில் கரண்ட் போச்சு. தெரு முழுக்கத் தறிச் சத்தம் ஒரேயடியாய் அடங்கியது. முக்காலி லேசாக முனகின மாதிரி இருந்தது.

"பாவா, உன் முறை."

"ஏங்க, நிறுத்துங்க!" கோமளா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கப்பலை நகத்தினது அண்ணன் இல்லைங்க, பாவி நான்தான். நீங்க ஒரு வாய் தின்னணும்னு செஞ்சேன். இப்ப அவரு நெசமாவே வந்துட்டாரு. நான் பேசினதையெல்லாம் கேட்டுகினு கீறாருங்க!"

வரதராஜன் கட்டையைக் கீழே வைத்தார்.

"கேட்டது நான்தாம்மா. தறிக்கு அந்தாண்ட நூல் மூட்டைமேல உக்காந்தா நீ முணுமுணுக்கறது நல்லாவே கேக்குது."

"அப்ப... நான்தான்னு தெரியுமா?"

"ஆங், மொத நாளே தெரியும். சண்டை முத்திட்டா கப்பலெல்லாம் எதிரி பக்கம் பூந்துடும். முக்காலிக்கு முன்னால நின்ன கறுப்பெல்லாம் என்னுது. உங்கண்ணன் எந்நாளும் சோழன்தான். கறுப்பைக் கையால தொட்டதே இல்ல."

கோமளா பிடித்திருந்த அவர் கையை விட்டாள்.

"தெரிஞ்சுமா இத்தனை நாள் பேயாண்ட பேசினீங்க? தெருவே உங்களைப் பைத்தியம்னுதே!"

வரதராஜன் அந்தக் கடைசிக் கறுப்புக் கப்பலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அண்ணன் போனதுலேந்து ஒரு பருக்கை வாயில வெக்காம கெடந்தியே, கோமளா. இதை நகத்தின அன்னிக்குத்தான் தின்னே. அப்புறம் இது முழுகறதை நான் எப்படி பாத்துகினு இருப்பேன்?"