பன்னிரண்டாவது டெமோ

“அந்தச் சட்டிக்காரி இன்னைக்கும் வந்துட்டா, பாத்தியா?”

பக்கத்து வீட்டு அம்சவல்லி கேட்டதும், ரஞ்சிதம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

தோட்டத்து லயத்தின் கடைசியில், காளியண்ணன் வீட்டு வாசலில் அதே பழைய வெள்ளைக் காடி. அதிலிருந்து புவனேஸ் இறங்கினாள். ஒரு கையில் மாவு டப்பா. இன்னொரு கையில் நான்-ஸ்டிக் சட்டி.

“இதோட பன்னெண்டு ஞாயித்துக்கிழமை. ஒரு சட்டி விக்க பன்னெண்டு தடவையா டெமோ காட்டுவாங்க? காளியண்ணனோட ஈ.பி.எஃப். சேமிப்புக் காசு மேல கண்ணு லா அவளுக்கு.”

“சும்மா இருங்க அக்கா.”

“என்ன சும்மா? பொண்டாட்டி போயி வருஷம்கூடத் திரும்பல. தனியா இருக்குற ஆம்பள. நீயே போயிக் கேளு.”

ரஞ்சிதத்துக்கும் உள்ளுக்குள் கோபம் இருந்தது. காளியண்ணன் மனைவியை இழந்த புதிதில் அவள் ஒரு வாரம் குழம்பு கொண்டுபோனாள். மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“கையும் காலும் நல்லாத்தான் இருக்கு எனக்கு. பாவம் பாத்து யாரும் போட வேணாம்.”

அதன் பிறகு லயத்தில் யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் லயத்தில், இருக்கிற நாலு பேரும் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

இவள் போகிறாள். அதுவும் வாராவாரம்.

ரஞ்சிதம் நேராக அந்த வீட்டுக்குள்ளே போனாள்.

புவனேஸ் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். காளியண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெயே வேணாம்னீங்க. இப்ப ஊத்துறீங்க?”

“ஒரு சொட்டுதான் அங்கிள்.”

“போன வாரமும் ஒரு சொட்டுன்னீங்க. கல்லுக் கோட்டிங், வைரக் கோட்டிங்னு பேரு மட்டும் பெருசா இருக்கு. ஓரத்துல ஒட்டுது பாருங்க.”

“தீ கொஞ்சம் கூட வச்சுட்டேன் அங்கிள்.”

தோசை தட்டுக்கு வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“முதல்ல நீங்க சாப்பிடுங்க. கோட்டிங் உரிஞ்சு வயித்துக்குள்ள போகுதுன்னு வாட்சாப்புல போட்டிருந்தான். விக்கிறவங்க சாப்பிட்டாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்.”

புவனேஸ் சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்து முழுத் தோசையையும் சாப்பிட்டாள். அடுத்ததை அவர் சாப்பிட்டார். அதற்கு அடுத்தது மறுபடியும் அவளுக்கு.

‘இவ்வளவு சந்தேகப்படுகிற மனிதர் எங்கே ஏமாறப்போகிறார்’ என்று ரஞ்சிதத்துக்குத் தோன்றியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் காளியண்ணன் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். புவனேஸ் மாவு டப்பாவைக் காடியில் வைக்க வெளியே வந்தாள். ரஞ்சிதம் பின்னாலேயே போனாள்.

“ஏம்மா, நான் நேராவே கேக்குறேன். அந்தச் சட்டி நல்ல சட்டியா?”

“இல்ல ஆன்ட்டி.”

ரஞ்சிதம் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

“மூணு மாசம்கூடத் தாங்காது. என்ன பேரு போட்டாலும் எல்லாம் ஒண்ணுதான். நீங்க கேட்டா வாங்காதீங்கன்னுதான் சொல்வேன்.”

“அப்ப அவரு தலையில கட்டப் பாக்குறியே?”

“நான் விக்கவே இல்ல ஆன்ட்டி. இங்க வந்த மூணாவது வாரமே அந்த வேலைய விட்டுட்டேன். பொய் சொல்லி விக்க முடியல. இப்ப தானா ராத்தா டவுன்ல மருந்துக் கடையில வேலை செய்றேன்.”

“பின்ன எதுக்கு வர்ற?”

புவனேஸ் காடிச் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“முதல் நாள் வந்தப்ப அவரு அடுப்புல தூசி படிஞ்சிருந்துச்சு. வீட்டுல பிஸ்கட் டின்னு மட்டும்தான். டெமோ தோசை நாலு சாப்பிட்டாரு. நடுவுல ஒரு நாள் சும்மா சோறு கொண்டாந்தேன், திட்டி அனுப்பிட்டாரு. டெமோன்னு சொன்னாத்தான் சாப்பிடுறாரு.”

ரஞ்சிதத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேயிலை மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“சட்டிய எடுத்துட்டுக் கெளம்புறேன் ஆன்ட்டி.”

“நீ இரு. நான் எடுத்துட்டு வரேன்.”

உள்ளே காளியண்ணன் சட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் கறுப்பு மொத்தமும் போய் அலுமினியம் பல்லிளித்தது.

“என்னண்ணே, வாங்கலாமா?” ரஞ்சிதம் மெதுவாகக் கேட்டாள்.

“இதையா? காசு கொடுத்து எவன் வாங்குவான்?”

“அப்படின்னா, அந்தப் பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?”

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். புவனேஸ் காடியில் சாய்ந்து நின்று போனை எடுத்தாள். பார்த்தாள். மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.

“வேலைய விட்டுடுச்சு அது. மருந்துக் கடையில நிக்கிறத நானே பாத்தேன். ஏன்னு கேக்கல. முதல் நாளு, ருசி பாக்க ஒரு வாய் சாப்பிட்டப்ப சொல்லுச்சு. அப்பா அம்மா இல்லியாம். வாடகை ரூம்பு. ஒரு ஆளுக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டு எத்தனையோ மாசம் ஆச்சாம்.”

ரஞ்சிதமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

காளியண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏம்மா! இன்னைக்கும் ஒரு முடிவுக்கு வர முடியல. அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவ காட்டுங்க!”

“சரி அங்கிள்!”

சட்டியை ரஞ்சிதத்தின் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்குத் தோசையே பிடிக்காது ரஞ்சிதம். ஆனா நான் முடிவு சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ள யாரு வீட்டுல போயி சாப்பிடும்?”