கழுத்துக்கு மேலே

பாஸ்வேர்டு தப்பு என்றது.

மறுபடி அடித்தேன். தப்பு. ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி அடித்தேன். அதற்கும் தப்பு.

“லிங்கராஜே, கீபோர்டு உடைஞ்சா நீதான் வாங்கித் தரணும், கேட்டியா?” என்றார் கல்லாவிலிருந்து வேலப்பன் அண்ணன். கிழக்கேகோட்டையில் சிப்ஸ் கடைக்கு மேலே இருக்கும் இந்த நெட் கஃபே அவருடையது. கீழே எண்ணெய் கொதித்தது. மேலே நான் கொதித்தேன்.

பின்னே என்ன? ஒன்றரை வருடமாகக் கட்டி எழுப்பிய பக்கம். ராக் டிரம்ஸ் வீடியோக்கள். எந்தக் கேசட் கம்பெனிக்காரன் காலிலும் விழவில்லை, எந்தக் கச்சேரிக் குழுவுக்கும் எடுபிடி வேலை செய்யவில்லை. எல்லாம் நெட் வழியாகவே. ‘லிங்கா டிரம்ஸ்’ என்றால் இன்றைக்குப் பிரேசிலில் ஒருவன் உட்கார்ந்து பார்க்கிறான், தெரியுமா?

இது யார் வேலை என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பட்டாபிப் பயல்தான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஏசி அறையில் வேலை பார்த்துக்கொண்டு, கிடார் வாசிப்பேன் என்று சொல்லித் திரிகிறவன். என் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே வந்து ‘முகத்தைக் காட்டு’ என்று எழுதுவான். போன மாதம் ‘வாசிப்பது நீதானா?’ என்றே கேட்டுவிட்டான்.

வயிற்றெரிச்சல்! முகத்தை வைத்தா டிரம்ஸ் அடிக்கிறார்கள்?

கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, கழுத்துக்கு மேலே எதுவும் தெரியாது. அது ஒரு ஸ்டைல். அந்த ஸ்டைலைக் கண்டுபிடித்தவன் நான்.

நாகர்கோவிலில் ஒரு குழு கலைந்தபோது அந்த டிரம் செட்டை வாங்கி பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வராமலிருக்க மாடி ஜன்னலை மெத்தை வைத்து அடைத்தவன் நான். வீடியோவை வெட்டி ஒட்டி, இங்கே வந்து தவம் கிடந்து ஏற்றி, கமெண்டு போடுகிறவனுக்கெல்லாம் பதில் எழுதுகிறவன் நான். லிங்கா ப்ரோ, லிங்கா ப்ரோ என்று ஊர் உலகம் கூப்பிடுகிறதென்றால் சும்மாவா?

போன வாரம் பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. பெரிய ராக் விழா, மேடையேறி வாசிக்க வா என்று. மணிக்கட்டு சுளுக்கு, வர முடியாது என்று எழுதினேன். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் சுளுக்கு என்றேன். மேடைக்கு அலைகிறவன் அலையட்டும், எனக்கு நெட் போதும்.

அதுவும் போய்விட்டால்? பட்டாபி மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் சப்பென்று ஒன்று வைத்திருப்பேன்.

‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற இடத்தை அமுக்கினேன். மெயில் அனுப்பியாகிவிட்டது என்று வந்தது. யாருக்கு என்று பார்த்தேன். அஜிதாவின் ஐடி.

சனியன்! பக்கம் தொடங்கிய அன்று எனக்கென்று ஒரு மெயில் ஐடி கிடையாது. நான் டைல்ஸ் கடையில் நிற்கிறவன். என் தங்கை அஜிதா கழக்கூட்டத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவள், அவளுடையதைப் போட்டுவிட்டேன். மாற்றணும் மாற்றணும் என்று சொல்லியே காலம் போய்விட்டது.

அவளைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. தோழிக்குக் கல்யாணம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனவள். போவதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை, மூதேவி!

வேறு வழியில்லாமல், யாரோ ஊர்க்காரன் பார்ப்பதுபோல வெளியிலிருந்தே என் பக்கத்தைத் திறந்தேன். பட்டாபி எதையெதை அழித்திருக்கிறானோ என்று வீடியோக்களை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

எதுவும் அழியவில்லை. புதிதாக ஒன்று ஏறியிருந்தது.

எங்கள் மாடி அறை. அதே டிரம் செட். ஆனால் கேமராவை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கையுறை இல்லை. முகம் இருந்தது.

அஜிதா வாசித்துக்கொண்டிருந்தாள்.

வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, ஒரே மூச்சு. பிரேசில்காரன் பாராட்டிப் பாராட்டி எழுதுவானே, அந்த இடதுகை வேகம், அதுவும் அப்படியே.

அது எப்போதும் அவள் கைதானே! யார் இல்லையென்றது? பொம்பளைப் பிள்ளை முகம் நெட்டில் வந்தால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் என்ன சொல்வான்? அவள் நல்லதுக்குத்தானே என் பெயரைக் கொடுத்தேன்? கொடுத்த எனக்கு இது வேண்டும்!

வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தாள்.

‘இந்தப் பக்கத்தில் எல்லா வீடியோவிலும் வாசித்தது நான், அஜிதா. சனிக்கிழமை பெங்களூர் மேடையில் வாசிக்கிறேன். இதுவரை கேமரா பிடித்த என் அண்ணன் லிங்கராஜுக்கு நன்றி.’

கேமரா பிடித்த அண்ணனாம்! கேமரா!

மூடிவிடலாம் என்று மௌஸைப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் வேலப்பன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

“இது உன் தங்கச்சியில்லா? அடிபொளி! மூடாதடே,” என்று எட்டி ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தார். மற்ற மேசைகளிலிருந்தவர்களும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

எல்லாம் நான் பழக்கிவிட்டதுதான் என்றேன்.

டிரம்ஸ் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.