ஒன்றரை ஏக்கர் தரிசு

"இந்தப் பூமியில தண்ணி நின்னு பத்து வருசமாச்சுங்க, அம்மிணி" என்றார் பொங்கியண்ணன், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு.

வரப்பில் நின்ற கிருஷி ஆபீசர், அதாவது வேளாண்மை அதிகாரி, நிமி அவர் காலையே பார்த்தார். பக்கத்தில் நின்ற மகன் பூபதிராஜாவுக்கு முகம் செத்துப் போனது. இருக்காதா பின்னே? வடகரப்பதியில் இந்த ஒன்றரை ஏக்கரில் கல்யாண மண்டபம் கட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் அவன். அதற்கு சர்க்காரின் நெல்வயல் பட்டியலிலிருந்து நிலத்தை எடுக்க வேண்டும். ஆபீசர் நேரில் பார்த்து, தரிசு என்று எழுதினால்தான் எடுப்பார்கள். நிலம் அப்பா பேரில் இருப்பதால் பதிலும் அப்பாதான் சொல்லியாக வேண்டும். எதைக் கேட்டாலும் காய்ந்த பூமி என்றே சொல்லும்படி ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தான்.

இத்தனை கொக்கு எப்படி வந்தது என்று நிமி கேட்டார்.

"வழி தப்பி வந்துருக்குதுங்க. வருசா வருசம் இதே மாதிரிதான் தப்புது."

தவளை கத்துகிறதே என்றார். அது பக்கத்து வயல் தவளை, இங்கே குளிக்க மட்டும்தான் வரும் என்றார் பொங்கியண்ணன். பூபதிராஜா தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைசியாக, இங்கே நெல் விளைந்து எத்தனை வருஷம் என்று கேட்டார் நிமி.

"நெல்லுங்களா? போன தடவை நாப்பது மூட்டைதானுங்க. அதையெல்லாம் ஒரு வெளைச்சல்னு சொல்லுவாங்களா?"

நிமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது நெல்வயலேதான், பட்டியலிலிருந்து எடுக்க முடியாது என்று எழுதிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

"ஏனுங்கப்பா, ஒரு பொய்யக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியாதுங்களா?" என்று ஆத்திரத்திலும் மரியாதை குறையாமல் கேட்டுவிட்டு, பூபதிராஜா பைக்கை உதைத்துக்கொண்டு போனான்.

பொங்கியண்ணன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல் குப்பண்ணன் வந்து, ஆபீசர் வந்த காரியம் என்னவாயிற்று என்று விசாரித்தார்.

"வயல் பொழைச்சுருச்சுங்க" என்றார் பொங்கியண்ணன். அவருக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. "பெத்த பையங்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நேத்து உங்க முறைத் தண்ணியப் பூராவும் என்ற வயலுக்குத் திருப்பி உட்டீங்களே, அது போதுமுங்க. வர்ற வாரம் என்ற முறைய நீங்க எடுத்துக்குங்க."