பதினைந்து மீட்டர்

"தலையைத் தூக்காதீங்க டீச்சர்! தூக்கினா கால் முங்கும்னு எத்தனை தடவை சொல்றது?"

பயிற்சி தருகிற பெண் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் கால் முங்கிவிட்டது. நாலே நாலு கைவீச்சு. இருமிக்கொண்டே எழுந்து நின்றார். தண்ணீர் நெஞ்சளவுதான்.

நின்றதும் முதல் வேலையாக கேட் பக்கம் பார்த்தார். அங்கே பெஞ்சில் அவருடைய கணவர், துண்டை மடியில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் நீச்சல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்ச்மேன் டியூட்டிக்கு வந்தாச்சு," என்றாள் கூடவே நீச்சல் கற்க வந்திருந்த நர்ஸ்.

"ரிடையர் ஆன வயசுலயும் என்ன சந்தேகமோ!" பக்கத்தில் நின்ற பேங்க்காரி குரலைத் தாழ்த்தினாள். "கையைப் பிடிச்சுக்கிட்டே வராரு, கையைப் பிடிச்சுக்கிட்டே போறாரு. டீச்சர் என்ன ஓடியா போயிடுவாங்க?"

"என் வீட்டுக்காரர் இப்படி உட்காரட்டும். முதல்ல அவரைத்தான் தண்ணிக்குள்ள தள்ளுவேன்."

இருவரும் சிரித்தார்கள். டீச்சர் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

"இருபது நாள் ஆச்சும்மா," என்றார் பயிற்சிக்காரியிடம். "எனக்கு இது வராதா?"

"ஏன் வராது? முகத்தைக் கீழே வைங்க. மூச்சுக்கு மட்டும் பக்கவாட்டுல திரும்புங்க. ஃப்ரீஸ்டைல்னா அவ்வளவுதான். நீங்க ஒவ்வொரு வீச்சுக்கும் நிமிர்ந்து பாக்கறீங்க."

"பதினஞ்சு மீட்டர் போதும்மா. அதுக்கு மேல வேண்டாம்."

"அது என்ன கணக்கு, பதினஞ்சு?"

டீச்சர் மறுபடி நீந்தினார். மறுபடி நிமிர்ந்தார், கேட் பக்கம் பார்த்தார், முங்கினார். மூக்கில் தண்ணீர் ஏறிக் கண் சிவந்துவிட்டது.

பயிற்சிக்காரிக்குப் பொறுக்கவில்லை. கரையேறி நேரே பெஞ்சுக்குப் போனாள்.

"சார், கொஞ்சம் வெளிய போய் இருங்க. நீங்க இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அவங்க எப்படிக் கத்துக்குவாங்க?"

அவர் கோபப்படவில்லை. "சரிம்மா" என்று எழுந்தார். துண்டு கீழே விழுந்தது. கேட்டைத் திறந்தார்.

"வேண்டாம்! அவரை அனுப்பாதீங்க!"

டீச்சர் படியில் முழங்காலை இடித்துக்கொண்டு ஏறி, ஈரத்தோடு ஓடிவந்து கணவரின் கையைப் பிடித்தார். பெஞ்சில் உட்காரவைத்து, துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"பாத்தியா, எவ்வளவு பயம்!" என்று நர்ஸ் உச்சுக் கொட்டினாள்.

"ஏன் டீச்சர் இப்படி நடுங்கறீங்க?" என்றாள் பயிற்சிக்காரி.

டீச்சர் மெதுவாகத்தான் சொன்னார்.

"அவர் என்னைக் காவல் காக்கலைம்மா. நான்தான் அவரை. ரெண்டு வருஷமா அவருக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. போன மாசம் எங்க வீட்டுப் பின்னாடி ஏரியில இறங்கி நடந்து போயிட்டாரு. பதினஞ்சு மீட்டர்தான். எனக்குக் கரையில நின்னு கத்தத்தான் முடிஞ்சது. யாரோ மீன் பிடிக்கறவர் இழுத்துட்டு வந்தாரு. அடுத்த தடவை அங்க யார் இருப்பா?"

பயிற்சிக்காரி பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க போங்க," என்றாள். "நான் அவர் பக்கத்துலயே இருக்கேன். குனிஞ்ச தலை நிமிராம நீந்துங்க."

டீச்சர் இறங்கினார். ஐந்து வீச்சு. ஆறு. ஏழாவதில் பழையபடி தலை தூக்கியது, கால் முங்கியது.

பெஞ்சில் இருந்தவர் பயிற்சிக்காரியின் பக்கம் சாய்ந்தார். குரல் இரக்கத்தில் கரைந்திருந்தது.

"ஏம்மா, அந்தம்மா பாவம், இந்த வயசுல தனியா வந்து தத்தளிக்கறாங்களே... அவங்களுக்குன்னு யாருமே இல்லையா?"